அரிசி வந்தது, விறகு வரவில்லை: காக்ஸ் பஜார் முகாம்களில் பாதுகாப்புப் பணி, ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஆகஸ்டு 25-க்குப் பிறகு மியான்மரிலிருந்து நாஃப் ஆற்றைக் கடந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்த ரோஹிங்கியா குடும்பங்களுக்கு முதலில் கிடைத்தவை மூங்கில், தார்ப்பாய், கயிறு. அப்புறம் அரிசி, பருப்பு, எண்ணெய். ஆனால் அந்த அரிசியைப் பொங்குவதற்கு எரிபொருள் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. நிவாரணப் பட்டியலில் அது ஒரு சின்ன விடுபடலாகத்தான் தெரிந்திருக்கும். அடுத்த ஓராண்டில் பெண்கள், குழந்தைகள், உள்ளூர்க் கூலித் தொழிலாளிகள், காடு, யானை என எல்லாருக்கும் வந்த ஆபத்தில் பெரும்பகுதி அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது.

அகதிகளின் பாதுகாப்புப் பணியை நிர்வகிப்பது பற்றிப் பேசும்போது பலரும் சட்ட உதவி, மனநல ஆலோசனை, குழந்தைகளுக்கான இடம், புகார் மேசை ஆகியவற்றைப் பட்டியலிடுவார்கள். அவை எல்லாமே தேவைதான். ஆனால் காக்ஸ் பஜாரில் அதிகம் பேரை ஆபத்திலிருந்து விலக்கி வைத்தது, என் கணிப்பில், ஓர் எரிவாயு அடுப்பு. அது எரிசக்தி, சுற்றுச்சூழல் கணக்கில் வந்த திட்டம். அது எப்படிப் பாதுகாப்புத் திட்டமாக வேலை செய்தது, எங்கே சறுக்கியது, இப்போது ஏன் ஆட்டம் காண்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடமும் எண்ணிக்கையும்

மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் ராணுவம் நடத்திய வன்முறையிலிருந்து தப்பி, சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 1978-லும் 1991–92-லும் இதே ஆற்றைக் கடந்து இதே கரைக்கு மக்கள் வந்திருக்கிறார்கள். குட்டுபாலோங், நயாபாரா ஆகிய இரண்டு பழைய முகாம்கள் அந்தக் காலத்தில் உருவானவை. ஆனால் 2017-இல் வந்த வேகம் வேறு. குட்டுபாலோங்குக்கும் பாலுகாலிக்கும் இடையில் இருந்த காட்டுக் குன்றுகள் சில வாரங்களில் மொட்டையாயின. சுமார் 13 சதுர கிலோமீட்டரில் 6 லட்சம் பேர் குடியேறினார்கள். குன்றின் சரிவை வெட்டிப் படியாக்கி, அந்தப் படியில் ஒரே அறை கொண்ட குடிசை; அதற்கு ஒட்டி அடுத்தது.

இதில் மறுபக்கம் ஒன்று உண்டு. முகாம்கள் அமைந்த உக்கியா, டெக்னாஃப் ஆகிய இரண்டு உபசிலாக்களின் (துணை மாவட்டங்களின்) மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சேர்த்தே ஏறக்குறைய 4.7 லட்சம்தான். அதாவது வந்தவர்கள் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. இருந்தவர்களும் வசதியானவர்கள் அல்ல. மீன்பிடி, உப்பளம், வெற்றிலைத் தோட்டம், தினக்கூலி, காட்டிலிருந்து கிடைக்கும் விறகும் மூங்கிலும் என்று பிழைத்த ஊர்கள் அவை. முதல் வாரங்களில் வந்தவர்களுக்குச் சோறு போட்டதும், வீட்டு முற்றத்தில் படுக்க இடம் கொடுத்ததும் அந்த ஊர்க்காரர்கள்தான். உதவி நிறுவனங்களின் வண்டிகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

வங்கதேசம் 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு அல்ல. வந்தவர்களை அரசு "வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியான்மர் குடிமக்கள்" என்றுதான் ஆவணங்களில் குறிப்பிடுகிறது. முறையாக வேலை பார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை. முகாம் எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி வேண்டும். சட்டத்தில் இவர்களுக்குப் பிடிமானம் இல்லாதபோது, அன்றாடத் தேவை ஒவ்வொன்றும் ஆபத்தின் வாசலாகிவிடுகிறது. அதனால்தான் விறகை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்.

விறகுக் கட்டைப் பின்தொடர்ந்தால்

ஒரு குடும்பத்தின் காலையை எடுத்துக்கொள்வோம். குடிசைக்குள் ஒரு மூலையில் மண் அடுப்பு. ஜன்னல் கிடையாது. கூரையும் சுவரும் தார்ப்பாய் என்பதால் புகை வெளியேற வழியில்லை. கைக்குழந்தை இருமிக்கொண்டே தூங்குகிறது. நேற்றுக் கொண்டுவந்த சுள்ளி தீர்ந்துவிட்டது. இன்று யாராவது காட்டுக்குப் போக வேண்டும்.

யார் போவது? அப்பா இருந்தால் அப்பா, அல்லது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு வந்த வீடுகளில் அம்மாவோ பெண் பிள்ளையோதான். முதலில் முகாம் ஓரத்திலேயே கிடைத்தது. குன்றுகள் மொட்டையாக ஆக, நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போனது. மரம் தீர்ந்த இடங்களில் வேரைத் தோண்டி எடுத்தார்கள். வேர் போனதும் மண் பிடிமானம் இழந்தது. மழைக்காலத்தில் சரிவே குடிசையோடு இறங்கியது. போகும் வழியில் பெண்களுக்குச் சீண்டலும் தாக்குதலும், குழந்தைகளை வேலைக்கு என்று அழைத்துப்போகும் தரகர்கள், வனக்காவலர்களின் விரட்டல், "எங்கள் காட்டை அழிக்கிறீர்கள்" என்று மறிக்கும் ஊர்க்காரர்கள். பையன் விறகுக்குப் போன நாளில் கற்றல் மையத்துக்குப் போகவில்லை என்பதும் இதில் சேர்த்தி.

காட்டுக்குப் போக முடியாத குடும்பங்கள் விறகை விலைக்கு வாங்கின. கையில் காசு கிடையாது. எனவே ரேஷனில் வந்த அரிசியிலும் பருப்பிலும் ஒரு பங்கை விற்று விறகு வாங்கினார்கள். அந்த விற்பனையைப் பார்த்துவிட்டு, "இவர்களுக்குத் தேவைக்கு மேல் கொடுக்கிறார்கள், அதான் விற்கிறார்கள்" என்ற பேச்சு எழுந்தது. விறகை மிச்சம் பிடிக்க ஒரு வேளை சமையலைக் குறைத்த வீடுகளும் உண்டு.

இப்போது ஒரு பாதுகாப்பு மேலாளரின் மேசைக்கு இது எப்படி வந்து சேரும் என்று பாருங்கள். பெண்ணின் மீதான தாக்குதல், பாலியல் வன்முறைக்கான துணைப்பிரிவில் ஒரு வழக்கு. காணாமல் போன பையன், குழந்தைப் பாதுகாப்புத் துணைப்பிரிவில் ஒரு வழக்கு. ஊர்க்காரருடனான கைகலப்பு, முகாம் நிர்வாகத்தின் தகராறுப் பதிவேட்டில். இருமல், சுகாதார மையத்தின் கணக்கில். ரேஷன் விற்பனை, உணவுப் பிரிவின் கண்காணிப்பு அறிக்கையில். ஒரே விறகுக் கட்டு ஐந்து பதிவேடுகளில் ஐந்து வேறு பெயர்களில் நிற்கிறது. ஒவ்வொரு பிரிவும் தன் வழக்கை ஒழுங்காகக் கையாண்டு மாத அறிக்கையை அனுப்பினாலும், மறுநாள் காலையில் அதே பெண் அதே வழியில்தான் நடப்பார். வழக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு பாதுகாப்பை அளக்கும் பழக்கத்தில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான். நடந்த பிறகு வருவதை மட்டுமே அது எண்ணுகிறது.

தமிழில் "பாதுகாப்பு" என்றவுடன் நமக்குக் காவலரும் வேலியும் நினைவுக்கு வருவதும் ஓர் இடைஞ்சல். இந்தப் பணியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் "அடைக்கலம்" என்பதற்கு நெருங்கியது. அண்டி வந்தவரின் உயிரும் மானமும் கெடாமல் பார்த்துக்கொள்வது. அப்படிப் பார்த்தால் அடுப்பும் அதற்குள் வரும்.

சிலிண்டர் வந்த விதம்

உணவு மற்றும் வேளாண் அமைப்பு, புலம்பெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பு, உலக உணவுத் திட்டம் ஆகிய மூன்றும் கூட்டாக ஒரு திட்டம் வகுத்தன, ஐ.நா. அகதிகள் முகமையும் தன் பொறுப்பில் இருந்த முகாம்களில் இறங்கியது. 2018-இன் பிற்பகுதியிலிருந்து குடும்பங்களுக்கு எரிவாயு அடுப்பும் 12 கிலோ சிலிண்டரும் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் முகாம்களின் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் அடுப்பு போய்ச் சேர்ந்தது.

சொல்லும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. செய்யும்போது அப்படி இல்லை. எரிவாயு அடுப்பை வாழ்நாளில் தொட்டிராத குடும்பங்கள், எளிதில் தீப்பற்றும் குடிசை, சிலிண்டரைத் தோளில் சுமந்து ஏற வேண்டிய சேற்றுப்படி, வண்டி நுழையாத சந்து. ஒவ்வொரு வீட்டுக்கும் அடுப்பைப் பற்றவைக்கவும் அணைக்கவும், ரெகுலேட்டரைப் பூட்டவும், கசிவை மோந்து கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுத்தாக வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து எத்தனை நாளுக்கு ஒரு நிரப்பல் என்று முறை வகுக்க வேண்டும். தூக்க முடியாத முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் ஆள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாதுகாப்புக் குழுவினர் இங்கேதான் உண்மையாகத் தேவைப்படுகிறார்கள். நிரப்பும் மையம் எந்த நேரத்தில் திறக்கிறது, வரிசையில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள், தனியாக இருக்கும் பெண்ணின் சிலிண்டரைச் சுமந்து தருகிறேன் என்று வருபவர் யார் என்ற கேள்விகளை அவர்கள்தான் கேட்க வேண்டும். உதவி என்ற பெயரில் வரும் கையே சில சமயம் ஆபத்தாகும் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

விறகு எரிப்பது பெருமளவு குறைந்தது. குன்றுகளில் வெட்டிவேரும் நாட்டு மரக்கன்றுகளும் நட்டார்கள். 2017-இல் செம்மண்ணாகத் தெரிந்த சரிவுகள் சில ஆண்டுகளில் மறுபடி பச்சையாயின. ரேஷனை விற்று விறகு வாங்கும் தேவையும் போனது. காலையில் காட்டுக்குப் போகாத ஒரு சிறுமிக்கு அன்று என்ன நடக்காமல் போயிற்று என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய பலன் அங்கேதான் இருக்கிறது.

ஊர்க்காரர்களின் கணக்கு

எரிவாயுத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு, உள்ளூர்க் குடும்பங்களையும் முதலிலிருந்தே சேர்த்துக்கொண்டது. முகாமைச் சுற்றியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கும் அடுப்பும் சிலிண்டரும் போயின. நாற்றங்கால் வளர்க்கும் வேலையும் காய்கறிச் சாகுபடிக்கான உதவியும் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களுக்குக் கிடைத்தன. 2018 மார்ச் முதல் டிசம்பர் வரைக்கான கூட்டு உதவித் திட்டம் 95.1 கோடி டாலர் கேட்டது. அது குறிவைத்த சுமார் 13 லட்சம் பேரில் 3.36 லட்சம் பேர் உள்ளூர் மக்கள்.

இது நியாயமா, அல்லது அகதிக்குப் போக வேண்டிய பணத்தைப் பிரிப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்க்காரர் இழந்ததை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. தினக்கூலி இறங்கியது, ஏனென்றால் பாதிக் கூலிக்கு வர ஆள் இருந்தது. காய்கறி, மீன், பேருந்துக் கட்டணம் ஏறின. காட்டில் சமூகக் காடு வளர்ப்பு என்று பங்குபோட்டு வைத்திருந்த மரங்கள் போய்விட்டன. பாலுகாலிப் பக்கம் வயல்களில் முகாமின் கழிவுநீர் இறங்கியது. பள்ளி ஆசிரியர்களில் பலர் கூடுதல் சம்பளம் என்று உதவி நிறுவன வேலைக்குப் போய்விட்டதால் வகுப்பறைகள் காலியாயின. டெக்னாஃபில் ஏற்கெனவே நிலத்தடி நீர் குறைவு. அந்தக் கொஞ்ச நீருக்கும் போட்டி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "உள்ளூர் மக்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது தவறு. முகாம் வந்ததால் நிலத்தை வாடகைக்கு விட்டவர், லாரி ஓட்டியவர், மூங்கில் வியாபாரி ஆகியோர் சம்பாதித்தார்கள். இழந்தவர் நிலமில்லாத கூலிக்காரரும், கணவன் இல்லாத வீட்டுப் பெண்ணும், காட்டை நம்பியிருந்தவரும். பயனாளிப் பட்டியலை ஊர்ப் பெரியவர்கள் கையில் அப்படியே விட்டால் முதல் கூட்டத்தாரின் பெயர்தான் அதில் முதலில் ஏறும். மேலாளர் தன் ஆட்களை வீடு வீடாக அனுப்பிச் சரிபார்க்க வேண்டிய இடம் இது. இதில் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

யானைகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். குட்டுபாலோங் முகாம் ஆசிய யானைகள் மியான்மருக்கும் வங்கதேசத்துக்கும் இடையே போய்வந்த வழியில் அமைந்தது. முதல் சில மாதங்களில் பத்துப் பேருக்கு மேல் யானை மிதித்து இறந்தார்கள். ஐ.நா. அகதிகள் முகமையும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமும் சேர்ந்து, அகதிகளிலிருந்தே தன்னார்வலர்களைப் பயிற்றுவித்துக் காவல் பரண்கள் அமைத்தன. இரவில் யானை நெருங்கினால் டார்ச்சும் விசிலும் ஒலிபெருக்கியுமாக அவர்கள் வரிசையாக நின்று, கூட்டம் கூடிக் கல்லெறியாமல் தடுத்து, விலங்கை மெதுவாகக் காட்டுப் பக்கம் திருப்பினார்கள். உயிர்ச்சேதம் நின்றது.

சறுக்கிய இடங்கள்

2021 மார்ச் 22 அன்று பாலுகாலிப் பகுதி முகாம்களில் தீப்பிடித்தது. குறைந்தது 11 பேர் இறந்தார்கள். சுமார் 45,000 பேர் குடிசையை இழந்தார்கள். பரவிய தீயில் எரிவாயு சிலிண்டர்கள் வெடித்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி முகாமைச் சுற்றிப் போடப்பட்டிருந்த முள்கம்பி வேலி, தப்பியோடியவர்களை மறித்தது. வேலி போடப்பட்ட நாளிலிருந்தே மனித உரிமை அமைப்புகள் எதிர்த்துக்கொண்டிருந்த ஒன்று அது. ஒருவிதமான "பாதுகாப்பு" இன்னொன்றின் கழுத்தை நெரிப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2023 மார்ச்சில் மறுபடி ஒரு பெருந்தீ, சுமார் 12,000 பேர் வீடிழப்பு. சிலிண்டர் கொடுத்தது தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. விறகு அடுப்பும் தார்ப்பாய்க் குடிசையைக் கொளுத்தும். ஆனால் நெருக்கமான குடிசைகளுக்கிடையில் தீத்தடுப்பு இடைவெளியும், வேலியில் வெளியேறும் வாசலும் இல்லாமல் எரிபொருளை மட்டும் மாற்றியது அரைகுறை வேலை.

முகாம் தலைமையும் ஒரு குறை. 2017-இல் குழப்பத்தைச் சமாளிக்க அவசரமாக மாஜிகள் எனப்படும் அகதித் தலைவர்கள் நியமிக்கப்பட்டார்கள். தேர்தல் கிடையாது, ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். ரேஷன் சீட்டும் தகராறுத் தீர்ப்பும் அவர்கள் வழியாகப் போனதால், புகார் கொடுக்க வேண்டிய பெண் புகாருக்கு உள்ளானவரின் நண்பரிடமே போய் நிற்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களைச் சில முகாம்களில் கொண்டுவந்தார்கள், ஆனால் மெதுவாக.

பதிவு அட்டை விவகாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 ஜூனில் வங்கதேச அரசும் ஐ.நா. அகதிகள் முகமையும் சேர்ந்து விரல்ரேகை, கண்மணிப் பதிவோடு அடையாள அட்டை வழங்கத் தொடங்கின. உதவி பெறவும், கட்டாயமாகத் திருப்பி அனுப்பப்படாமல் இருக்கவும் அட்டை வேண்டும். ஆனால் அட்டையில் "ரோஹிங்கியா" என்ற சொல் இல்லை. தங்கள் விவரம் மியான்மருக்குப் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் முகாம்களில் வேலைநிறுத்தம் நடந்தது. 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, சரியான ஒப்புதல் பெறாமலேயே விவரங்கள் பகிரப்பட்டு மியான்மர் அரசின் கைக்குப் போயின என்று குற்றம்சாட்டியது. விளக்கம் சொல்லி ஒப்புதல் பெற்றோம் என்று அகதிகள் முகமை மறுத்தது. என் கருத்து இதுதான்: ரேஷனுக்கு அட்டை வேண்டும் என்று வரிசையில் நிற்பவரிடம், "உங்கள் விவரத்தை அந்த அரசோடும் பகிரலாமா" என்று அதே மேசையில் கேட்டால், அவர் தலையாட்டுவதை ஒப்புதல் என்று எழுதக் கூடாது. இரண்டு கேள்விகளையும் வேறு நாளில், வேறு இடத்தில், அவருடைய மொழியில் கேட்டிருக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் கொரோனா கட்டுப்பாடுகளின்போது முகாமுக்குள் "அத்தியாவசியப் பணிகள்" மட்டும் அனுமதிக்கப்பட்டன. உணவும் மருத்துவமும் எரிபொருளும் அதில் இருந்தன. பெண்களுக்கான மையங்களும் குழந்தைகளுக்கான இடங்களும் மூடப்பட்டன. தனித் துறையாக ஒதுங்கி நின்ற பாதுகாப்புப் பணி முதலில் வெட்டுப்பட்டது. அத்தியாவசியப் பணிக்குள் கலந்து நின்றது தப்பியது.

பணம் நின்றால்

உலக உணவுத் திட்டம் ஒருவருக்கு மாதம் 12 டாலர் என்று கொடுத்துவந்த உணவுப் பற்றுச்சீட்டை 2023 மார்ச்சில் 10 ஆகவும், ஜூனில் 8 ஆகவும் குறைத்தது. நிதி இல்லை என்பதே காரணம். அந்த ஆண்டு இறுதியில் குழந்தைகளிடையே தீவிர ஊட்டக்குறைவு 15 விழுக்காட்டைத் தாண்டியது. அது நெருக்கடி நிலைக்கான எல்லைக்கோடு. அதே 2023-இல் ரோஹிங்கியாக்களில் குறைந்தது 569 பேர் கடல் பயணத்தில் இறந்தோ காணாமலோ போனார்கள். அத்தனை பேரும் ரேஷன் குறைந்ததால்தான் படகேறினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டில் சோறு குறையும்போது தரகரின் பேச்சு காதில் ஏறும் என்பதைக் களத்தில் இருப்பவர்கள் எல்லாருமே அறிவார்கள். 2024-இல் தொகை படிப்படியாக மீண்டது.

ராக்கைனில் சண்டை மறுபடி மூண்டதால், 2025 ஜூலை வரையிலான ஒன்றரை ஆண்டில் சுமார் 1.5 லட்சம் பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். ஏற்கெனவே நெரிந்துகொண்டிருந்த முகாம்களுக்குள்ளேயே, முன்பு வந்தவர்களின் தயவில் அவர்கள் ஒண்டினார்கள். அந்த ஜூலையில் ஐ.நா. அகதிகள் முகமை ஓர் எச்சரிக்கை விட்டது: புதிய நிதி வராவிட்டால் சமையல் எரிவாயு தீர்ந்துவிடும்.

நிதி வெட்டு வரும்போது எதை முதலில் வெட்டுவது என்று வரிசைப்படுத்தும் கூட்டங்களில், எரிவாயு பெரும்பாலும் உயிர்காக்கும் உதவிக்கு ஒரு படி கீழே போய் உட்காரும். சிலிண்டர் நின்றுபோகும் வீட்டில் மறுநாள் காலை கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு குன்றுப் பக்கம் நடக்கப்போவது யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவராவது கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயது இருக்கலாம். முகாமிலேயே வளர்ந்ததால் காட்டுக்குப் போகும் வழி அதற்குத் தெரியாது.